பெத்ரோ ஆகப் போன மோகனராஜ்

தீவு முழுக்கக் குழாயில் தண்ணீர் நின்றுவிடப் போகிறது என்று அறிவிப்பு வந்த அன்று மோகனராஜ் ஒரு பெரிய முடிவுக்கு வந்தார். நல்லவராகிவிடுவது.

அதுவரை அவரைக் கெட்டவர் என்று யாரும் சொன்னதில்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெறும்வரை யார் வயிற்றிலும் அடித்ததில்லை. ஆனால் கெட்டவனாக இல்லாமல் இருப்பது வேறு, நல்லவனாக இருப்பது வேறு. முன்னதற்குச் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். அதில் மோகனராஜ் கைதேர்ந்தவர். பின்னதற்கு எழுந்திருக்க வேண்டும்.

அவரை எழுந்திருக்க வைத்தவன் பெத்ரோ.

பெத்ரோ ஒரு தொலைக்காட்சித் தொடரில் வருகிற கப்பல் சமையல்காரன். கப்பல் பனிக்கடலில் உறைந்து நின்றுவிட்டது. உள்ளே இருப்பவர்கள் ரொட்டித் துண்டுக்கு அடித்துக்கொள்கிறார்கள். பெத்ரோ மட்டும் தன் கிண்ணத்துக் கஞ்சியைக் காய்ச்சல்காரனுக்கு ஊட்டுகிறான். தன் கோட்டைக் கழற்றி ஒரு கிழவிக்குப் போர்த்துகிறான். தன்னைத் திருடன் என்று சொன்னவனுக்கே புண்ணுக்குக் கட்டுப் போடுகிறான். தமிழில் குரல் கொடுத்தவர் வேறு ஒவ்வொரு வசனத்தையும் தொண்டை அடைக்கப் பேசித் தொலைத்தார்.

மனைவி லோகேஸ்வரி அதைப் பார்த்துத் தினமும் அழுதாள். மோகனராஜுக்கு அது பொறுக்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவருக்காக அவள் ஒரு சொட்டு விட்டதில்லை. முதுகு பிடித்துக்கொண்டு அவர் படுத்த படுக்கையாகக் கிடந்தபோதுகூட, “கொஞ்சம் மெதுவா முனகுங்க, டிவி கேக்கல” என்றுதான் சொன்னாள்.

“மனுசன்னா இவன்தான் மனுசன்,” என்று மூக்கைச் சிந்தினாள் லோகா.

“கதை லா அது. எழுதினவன் மூணு வேளை நல்லா சாப்பிட்டுட்டு எழுதியிருப்பான்.”

“நீங்களும் மூணு வேளை நல்லாத்தான் சாப்பிடுறீங்க. ஒரு தட்டைக் கழுவினதுண்டா?”

இதற்குமேல் பேசினால் தட்டு கைக்கு வந்துவிடும். மோகனராஜ் வாயை மூடிக்கொண்டார். ஆனால் மனசு மூடவில்லை. ஏனென்றால் அப்போது அவருக்கு லோகாவின் நல்லெண்ணம் அவசரமாகத் தேவைப்பட்டது.

மெல்பர்னில் இருக்கும் மகள் தாரணிக்கு முதல் குழந்தை பிறந்திருந்தது. பெண் குழந்தை. ஆப்பரேஷன் செய்து எடுத்தது. துணைக்கு வரச் சொல்லி மாப்பிள்ளை வாசு கூப்பிட்டிருந்தார். வீடு சின்னது, இரண்டு பேருக்குத்தான் இடம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஒன்று லோகா; அதில் பேச்சில்லை. இன்னொன்று மோகனராஜா, தீவுக்கு எதிர்க்கரைப் பக்கம் தாசேக் கெலுகோரில் இருக்கும் லோகாவின் அக்கா ரமணியா? ரமணி அக்கா கை படாமல் அந்தக் குடும்பத்தில் எந்தப் பிள்ளையும் குப்புற விழுந்ததில்லை. பத்தியச் சாப்பாடு, மஞ்சள் எண்ணெய், வயிற்றுக்குக் கட்டு, எல்லாம் அவருக்கு அத்துப்படி.

“நீங்க வந்து என்ன செய்வீங்க?” என்று கேட்டாள் லோகா.

“பேத்தியைத் தூக்கிக்குவேன்.”

“அப்புறம்?”

“அப்புறமும் தூக்கிக்குவேன்.”

“பார்க்கலாம்,” என்றாள் லோகா. அவள் அகராதியில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று மோகனராஜுக்குத் தெரியும். ‘பார்க்கலாம்’ என்று சொன்ன எதையும் அவர் இதுவரை பார்த்ததில்லை.

அவரோ ஆளில்லாத நேரத்தில் ஒரு சின்ன அரிசிப் பையைத் துண்டில் சுற்றி, தலைக்குக் கை கொடுத்துத் தூக்கிப் பழகிக்கொண்டிருந்தார். கைபேசியில் பேத்தி கொட்டாவி விட்டபோது, திரையைத் தடவிப் பார்த்து அழைப்பையே துண்டித்துவிட்டார். மகள் முகத்தில்கூட இல்லாத தன் அம்மாவின் மோவாய்க் குழி அந்தப் பிஞ்சு முகத்தில் இருந்தது. அதைத் தொடாமல் சாவதில்லை என்று இருந்தார் மனுசர்.

ஆகவே கணக்கு சுலபம். பெத்ரோவுக்காக அழுகிறவள், வீட்டிலேயே ஒரு பெத்ரோ இருந்தால் விட்டுவிட்டுப் போவாளா?

தண்ணீர் நின்றது. தீவில், கெலுகோரில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடியில், மேல் மாடிக்காரர்களுக்கு முதலில் நின்றது. வாளி, அண்டா, பழைய ஐஸ் பெட்டி, எல்லாவற்றிலும் லோகா பிடித்து வைத்திருந்தாள். மறுநாள் காலையில், “உங்க வாளி இது, என் வாளி அது” என்று பிரித்தாள்.

மோகனராஜ் தொண்டையைச் செருமினார். குரல் கொடுத்தவரின் நடுக்கத்தை வரவழைத்தார்.

“எனக்கு வேணாம் லோகா. நீ வேலைக்குப் போறவ. என் பங்கையும் நீயே எடுத்துக்க.”

லோகா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “உடம்புக்கு என்ன?”

“உடம்புக்கு ஒண்ணும் இல்ல. மனசுதான்.”

அவள் வேலைக்குக் கிளம்பியதும் மோகனராஜ் துண்டைச் சுருட்டி மோட்டார் சைக்கிளில் வைத்தார். டவுனில் பழைய கடைவீட்டில் சோறும் குழம்பும் விற்கும் நாசி கண்டார் கடை நடத்தும் நண்பர் யூசுப்பின் கொல்லையில் கிணறு இருந்தது. ஊரே வாளியோடு அலைந்தபோது மோகனராஜ் அங்கே தலைக்குமேல் ஊற்றிக்கொண்டார். பாட்டும் பாடினார்.

“என்ன அண்ணே, வீட்ல தியாகி, இங்க ராஜாவா?” என்றார் யூசுப், ஈரக் கையைக் கைலியில் துடைத்தபடி.

“மெதுவா பேசு லா. லோகாவுக்குத் தெரியக்கூடாது.”

“நோன்புன்னு வெளியே சொல்லிட்டு, என் கடைப் பின்பக்கம் வந்து மீ கோரெங் கேப்பானுங்க சில பேரு. அது மாதிரி இருக்கு.”

“யூசுப்பு, நல்லது செய்யறவன் குளிச்சுட்டுச் செஞ்சா நல்லது குறைஞ்சிடுமா?”

யூசுப் யோசித்தார். “குறையாது அண்ணே. ஆனா குளிக்கலன்னு சொல்லிட்டுச் செஞ்சா கொஞ்சம் நாறும்.”

மோகனராஜ் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தலையைக் கலைத்துக்கொண்டு, அழுக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு, வறண்ட முகத்தோடு இருட்டியபின் வீடு திரும்பினார். லோகா கண் கலங்குவாள் என்று எதிர்பார்த்தார். பால்கனியில் வரவேற்பறைத் திரைச்சீலைகள் சொட்டச் சொட்டக் காய்ந்துகொண்டிருந்தன.

“இது எந்தத் தண்ணியில துவைச்சது?”

“நீங்க கொடுத்த பங்குதான். ரொம்ப நாளா துவைக்கணும்னு இருந்தேன்.”

மோகனராஜ் திரைச்சீலையின் ஓரத்தை ஒருமுறை பிழிந்துவிட்டார். இருந்தாலும் பெத்ரோ கணக்குப் பார்ப்பானா? பார்க்கமாட்டான். மோகனராஜும் பார்க்கவில்லை.

அடுத்த நாள் கீழே தண்ணீர் லாரி வந்தது. லிஃப்டில் இடமில்லை.

“பக்கத்து வீட்டு நோர்மா தனியா இருக்காங்க. பாவம், முட்டி வலி,” என்றாள் லோகா, வானத்தைப் பார்த்தபடி. “பெத்ரோவா இருந்தா இந்நேரம் கொண்டுபோய்க் கொடுத்திருப்பான்.”

மோகனராஜ் வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறினார். நோர்மாவுக்குக் கொடுத்தார். அடுத்த வீட்டுக்காரர் கேட்டார், அவருக்கும் கொடுத்தார். முதுகு பழைய இடத்திலேயே பிடித்துக்கொண்டது. இரவுச் சாப்பாட்டில் கோழியின் தொடை லோகாவின் தட்டுக்குப் போனது. மெத்தையின் காற்றாடிப் பக்கம் அவளுக்குப் போனது. போகப் போக ஒன்று கவனித்தார்: முதல் தடவை விட்டுக்கொடுத்தால் நன்றி சொல்கிறார்கள். இரண்டாம் தடவை தலையாட்டுகிறார்கள். மூன்றாம் தடவை, ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்கிறார்கள். பெத்ரோவுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ? தொடரில் அதைக் காட்டவில்லை.

ஆனாலும் ஒரு நேரம் வந்தது. நோர்மா வீட்டு வாசலிலிருந்து திரும்பியபோது, அந்த அம்மாள் அவர் கையைப் பிடித்து மலாயில் ஏதோ பிரார்த்தனை சொன்னார். மோகனராஜுக்கு அந்த ஒரு நிமிஷம் மெல்பர்ன் மறந்துபோயிற்று. பேத்தியும் மறந்துபோனாள். சும்மா நல்லவராக நின்றார். உடனே பயந்துபோய் நினைவை வரவழைத்துக்கொண்டார்.

தண்ணீர் திரும்பி வந்த அன்று தொடரின் கடைசிப் பகுதி. யார் யார் வருகிறார்கள் என்று மறுநாள் வாசுவுக்குப் பேர் சொல்லியாக வேண்டும். மோகனராஜ் லோகாவுக்கு டிஷ்யூ பெட்டியை எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

பனியைப் பிளந்து ஒரு சின்னப் படகு வந்தது. எல்லாரும் ஏறினார்கள். ஒரே ஒரு இடம் பாக்கி. பனியின் மேல் பெத்ரோவும், அவனைத் திருடன் என்று சொன்னவனும். பெத்ரோ சிரித்தான். ஒதுங்கி நின்றான்.

மோகனராஜ் நாற்காலி நுனிக்கு வந்தார். ஓரக்கண்ணால் பார்த்தார். லோகா அழவில்லை.

“என்ன லோகா, அழலயா?”

“நான் போன வாரமே போன்ல பார்த்துட்டேன். ஆபீஸ்ல, சாப்பாட்டு நேரத்துல.” அவள் டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். “அக்காகிட்ட சொல்லிட்டேங்க.”

“என்னன்னு?”

“உங்க இடத்தை அவங்களுக்கு விட்டுக்கொடுத்துட்டீங்கன்னு. அக்கா ஒரே அழுகை. இப்படியும் ஒரு மனுசனான்னு கேக்கிறாங்க.”

“நான் எப்ப கொடுத்தேன்?”

“தண்ணி கொடுத்தீங்க, கோழி கொடுத்தீங்க, காத்து கொடுத்தீங்க. இதை மட்டும் கேட்டுட்டு இருக்கணுமா?”

மோகனராஜ் எழுந்து நின்றார். இனி மறைத்துப் பயனில்லை. “லோகா, நான் அப்படிப்பட்ட ஆளே இல்ல. உண்மையைச் சொல்லிடறேன். யூசுப் கடையில...”

“கிணத்துல குளிச்சீங்க. யூசுப் பொண்டாட்டி ஹாஜரா மொத நாளே போன் பண்ணிட்டா. ‘அக்கா, அண்ணன் பாட்டு தாங்கல, நீங்களாவது வந்து அமைதியா குளிச்சுட்டுப் போங்க’ன்னா. அவ சொன்னா தட்ட முடியுமா? நானும் மறுநாள்லேர்ந்து சாயங்காலம் போய்க் குளிச்சேன்.”

“தெரிஞ்சுமா என்னைப் படியேற விட்ட?”

“நல்லது செய்யறவரை நான் எப்படித் தடுக்கறது?”

கைபேசி மணி அடித்தது. தாரணி. திரையில் அவள் முகம் வீங்கியிருந்தது. தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. “அப்பா, அம்மா சொன்னாங்கப்பா. பெரியம்மா வந்தா எனக்கு யானை பலம்பா. ஆனா உங்களுக்கு எவ்வளவு ஆசைன்னு எனக்குத் தெரியும். நீங்க... நீங்க ரொம்ப நல்லவருப்பா.”

லோகா கைபேசியைப் பிடித்துக்கொண்டு, அதற்கு மேலாகக் கணவரைப் பார்த்தாள். கிணற்றைப் பற்றிச் சொல்லவா என்று அந்தப் பார்வை கேட்டது. சொன்னால் பித்தலாட்டக்காரர். சொல்லாவிட்டால் நல்லவர். இரண்டிலும் மெல்பர்ன் இல்லை.

“பெரியம்மாவே வரட்டும்மா,” என்றார் மோகனராஜ். குரல் நடுங்கியது. இந்தத் தடவை வரவழைக்கவில்லை. “அவங்கதான் உனக்கு வேணும்.”

அழைப்பு முடிந்தது. லோகா பயணப் பெட்டியை எடுக்க உள்ளே போனாள். டிவியில் பேர்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“லோகா, படகு போனதுக்கு அப்புறம் அந்தப் பெத்ரோ என்ன ஆனான்?”

“அதெல்லாம் காட்டலங்க. அடுத்த பாகம் முழுக்கப் படகுல போனவங்க கதையாம்.”