ஷிப்டு போர்டில் காலமான சம்பந்திக்கு

எளாவூர்,
பொங்கல் கழிந்த மறுவாரம்.

செவ்வாப்பேட்டையில் உயிரோடும் உடல்நலத்தோடும் வாழ்ந்துகொண்டிருக்கும் பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அன்புராஜ் அவர்களுக்கு, எளாவூர் பரசுராமன் தலை தாழ்த்தி எழுதிக்கொள்வது. இங்கே நானும், என் மனைவி அஞ்சம்மாளும், தங்கள் வீட்டுக்கு மருமகளாக வரப்போகிறவள் என்று நாங்கள் இன்னமும் நம்பிக்கொண்டிருக்கும் பூமிகாவும் சுகம். தாங்கள் சுகமா என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. தாங்கள் சுகம்தான் என்பதை எங்கள் கம்பெனியின் மூன்று ஷிப்டுக்கும் வாய்மொழியாகச் சொல்லிவிட்டேன். இரண்டு ஷிப்டு நம்பிவிட்டது.

பங்குனியில் கல்யாணம் என்று இரு வீட்டாரும் தட்டு மாற்றிக்கொண்ட பிறகு, "ஆடி போகட்டும், பார்க்கலாம்" என்று தாங்கள் தரகர் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். இப்போது நடப்பது தை மாதம். அதற்கு என்ன அர்த்தம் என்று புரியாத அளவுக்கு நான் முட்டாள் இல்லை. தாங்கள் போனையும் எடுப்பதில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். முழுதும் படித்த பிறகு என்னைத் திட்டுங்கள். என் பெண்ணை மட்டும் கைவிட்டுவிடாதீர்கள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கார்க் கதவுக்கு ரப்பர் பட்டை செய்கிற கம்பெனியில் நான் ஸ்டோர்ஸ் பொறுப்பாளன் என்பது தங்களுக்குத் தெரியும். வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்து தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்கப் போகிறார்களாம், அவர்கள் கேட்கிற கேள்விக்கு இங்கிலீஷில் பதில் சொல்கிற ஒப்பந்தத் தொழிலாளிகளுக்கு வேலை நிரந்தரமாகுமாம். பெர்சனல் ஆபீசர் ஹெலன் மேடம் என்னைக் கூப்பிட்டு, "பரசுராமன் சார், கம்பெனியிலேயே புகார்க் கடிதத்தை இங்கிலீஷில் எழுதுகிற ஒரே ஆள் நீங்கள்தான், ஏ ஷிப்டுக்கு நீங்களே வகுப்பு எடுத்துவிடுங்கள்" என்றார். புகழ்ச்சிக்கு மயங்காதவன் யார், சம்பந்தி? பாரிமுனை நடைபாதையில் ஒரு பழைய புத்தகம் வாங்கி வந்தேன். ஒரு வாக்கியம் கொடுத்திருப்பான், பக்கத்தில் ஒரு சொல்லோ மரபுத்தொடரோ கொடுத்திருப்பான், அதைப் போட்டு வாக்கியத்தை மாற்றி எழுத வேண்டும். "சொல் மாறலாம், விஷயம் மாறக்கூடாது" என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். இந்த ஒரு வார்த்தைதான் பிற்பாடு என் கழுத்துக்குச் சுருக்காக வந்தது.

முதல் வாக்கியம், ஜானுக்கு வேலை போய்விட்டது என்று வரும். பேக்கிங்கில் இருக்கும் சந்திரகலா உடனே எழுந்து, "யாரு சார் இந்த ஜானு? எந்த லைனு? வேல போற அளவுக்கு இன்னா பண்ணான்?" என்றது. புத்தகத்தில் இருக்கிற ஆள் அம்மா என்றால், "தெரியாத ஆளப் பத்தி நாம இன்னாத்துக்கு சார் தப்பா எழுதணும்?" என்று பேனாவை மூடி வைத்துவிட்டது. மொத்த வகுப்பும் மூடிவிட்டது. சரி, தெரிந்த பெயராகப் போடுவோம் என்று "சந்திரகலா பொய் சொன்னாள்" என்று போட்டேன். அது சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் சாயங்காலம் வரைக்கும் அழுதது. தெரியாத பெயர் போட்டால் எழுத மாட்டேன் என்கிறார்கள், தெரிந்த பெயர் போட்டால் சண்டைக்கு வருகிறார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்தவராக இருக்க வேண்டும், கும்மிடிப்பூண்டிப் பக்கமே வராதவராகவும் இருக்க வேண்டும். யோசித்துப் பார்த்தால் தங்களைவிடப் பொருத்தமானவர் யார்? "அன்புராஜ் என் சம்பந்தி, தங்கமான மனுஷர், தப்பாக நினைக்க மாட்டார்" என்றேன். அன்றிலிருந்து ஜானுக்கு வர வேண்டியதெல்லாம் தங்களுக்கு வர ஆரம்பித்தது.

வகுப்போடு நின்றிருந்தால் வம்பில்லை. வகுப்பு நடத்தத் தனிப் பலகை கிடையாது, ஷிப்டு போர்டில் ஓரமாக எழுதிக்கொள்ளுங்கள் என்றார்கள். அந்த போர்டைப் பற்றித் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மிஷின் ரிப்பேர், ஆள் லீவு, யார் வீட்டில் காதுகுத்து, யார் வீட்டில் சாவு எல்லாம் அதில்தான் எழுதுவோம். ஒரு ஷிப்டு எழுதி வைத்ததை அடுத்த ஷிப்டு படித்து, ஆக வேண்டியதைச் செய்து, சம்பந்தப்பட்டவரிடம் கையெழுத்து வாங்கி வந்து, அப்புறம்தான் அழிக்க வேண்டும். கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து இதுதான் சட்டம். என் வகுப்பில் இங்கிலீஷ் வாக்கியத்துக்குக் கீழே தமிழில் பொருள் எழுத வேண்டும் என்பது என் முறை. வகுப்பு முடிந்ததும் ஏ ஷிப்டு போய்விடும். பி ஷிப்டு வந்து போர்டைப் பார்க்கும். அவர்களுக்கு வகுப்பும் தெரியாது, ஜானும் தெரியாது. தமிழ் நன்றாகத் தெரியும்.

"அன்புராஜ் இஸ் அண்டர் த வெதர்", அதாவது அன்புராஜுக்கு உடம்பு சரியில்லை. மறுநாள் காலையில் தங்கள் வீட்டுக்கு ரொட்டியும் ஆப்பிளும் இளநீருமாக நாலு பேர் வந்தார்களே, அது இதனால்தான். தாங்கள் என் ஏற்பாடு என்று நினைத்து, "சம்பந்தி வீட்டு மரியாதையே தனி" என்று மெச்சிப் பேசினீர்கள். நானும் விஷயம் தெரியாமல், "இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா" என்று ஏற்றுக்கொண்டேன். கையெழுத்தும் போட்டுக் கொடுத்தீர்கள். வீட்டுக்கு வழி சொன்னவன் எங்கள் கம்பெனி பஸ் டிரைவர் கலியன். நிச்சயதார்த்தத்துக்கு வேன் ஓட்டி வந்தானே, அவன்தான். அன்று முழுக்க வேனிலேயே படுத்துத் தூங்கிவிட்டதால் அவனுக்குத் தங்கள் வீடு தெரியும், தங்களைத் தெரியாது.

அடுத்தது, அன்புராஜ் வழி தவறிவிட்டார். காய்கறி வாங்கிக்கொண்டு செவ்வாப்பேட்டை ஸ்டேஷன் பக்கம் வந்த தங்களை நிச்சயதார்த்தப் போட்டோவை வைத்து அடையாளம் கண்டுபிடித்து, ஆளுக்கொரு கையாகப் பிடித்துக்கொண்டு போய், "பத்திரமா கொண்டாந்து உட்டுட்டோம்மா, இனிமே தனியா அனுப்பாதீங்க" என்று சம்பந்தியம்மாவிடம் ஒப்படைத்தவர்களும் எங்கள் ஆட்கள்தான். தாங்கள் திமிறியதை அவர்கள் வியாதியின் வேகம் என்று நினைத்துவிட்டார்கள்.

அதற்கடுத்ததை எழுதக் கை கூசுகிறது. அன்புராஜ் குடியை விட்டுத் திருந்திவிட்டார் என்று ஒரு வாக்கியம். "டர்ன் ஓவர் எ நியூ லீஃப்" என்ற தொடரைப் போட்டு மாற்ற வேண்டும். சந்திரகலா அருமையாக மாற்றியது, நானே கைதட்டினேன். மறுநாள் தெருவே வேடிக்கை பார்க்க, தங்களுக்குச் சால்வை போர்த்தி, "மனச உட்ராதீங்க நைனா, முதல் மாசம்தான் பேஜாரா இருக்கும்" என்று தைரியம் சொன்னார்களாம். வாழ்நாளில் சோடா கலரைக்கூடச் சந்தேகமாகப் பார்க்கிற மனுஷர் தாங்கள். சம்பந்தியம்மா, "உட்டது இருக்கட்டும், எப்ப ஆரம்பிச்சீங்க?" என்று கேட்டுவிட்டு அப்புறம் பேசவே இல்லையாமே. மாப்பிள்ளை சரவணகுமார் பூமிகாவிடம் சொல்லி, அது என்னிடம் சொல்லி அழுதது. அப்போதாவது நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். யாரோ தெரு ஆட்கள் பொறாமையில் செய்கிறார்கள் என்று நினைத்தேன். திருஷ்டிப் பூசணிக்காய் உடைக்கச் சொல்லித் தகவலும் அனுப்பினேன்.

கடைசியாக அந்தப் பாழாய்ப்போன பாடம். அன்புராஜ் இறந்துவிட்டார். "பாஸ் அவே" என்று மாற்றுக. சம்பந்தி, சத்தியமாகச் சொல்கிறேன், எழுதும்போது எனக்கே மனசு கேட்கவில்லை. ஆனால் பாடத்தைப் பாதியில் நிறுத்தினால் வெளிநாட்டு ஆட்கள் முன்னால் அவர்கள் என்ன செய்வார்கள்? நாலு பேர் வந்து நாலு விதமாக போர்டில் எழுதினார்கள். நாலும் சரி. நாலுக்கும் நான் டிக் போட்டேன்.

மறுநாள் காலை தாங்கள் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் தாரை தப்பட்டையோடு எங்கள் பஸ் வந்து நின்றதும், ஸ்டேஷன் வாசலில் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் எழுந்ததும் தங்களுக்கே தெரியும். அந்த ஃபிளெக்ஸை நான் அப்புறம் போய்ப் பார்த்தேன். நிச்சயதார்த்தப் போட்டோவில் என்னை வெட்டி எடுத்திருக்கிறார்கள், தங்கள் தோள்மேல் என் கை மட்டும் வாட்ச்சோடு தனியாக இருக்கிறது. "நோயோடு போராடியவரே, வழி தவறியும் வீடு திரும்பியவரே, குடியை வென்ற கொள்கை வீரரே" என்று போட்டு, கீழே "ஆழ்ந்த துயரில் பி ஷிப்டு" என்று இருக்கிறது. ஒரு மாதப் பாடமும் ஒன்று விடாமல் வந்திருக்கிறது. என் மாணவர்கள்கூட அவ்வளவு ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

பி, சி ஷிப்டு ஆட்கள் வாராவாரம் மாறுவதால் அன்று வந்தவர்கள் புது ஆட்கள். கதவைத் திறந்த தங்களைப் பார்த்து, அந்தக் கூட்டத்தில் வந்த முத்தம்மா, "அய்யோ, அதே ஜாட! நீ அவுரு தம்பியா நைனா? அண்ணன் போன துக்கத்துல இட்லி எப்பிடி எறங்குது உனுக்கு?" என்று கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்ததாம். நான்தான் அன்புராஜ் என்று தாங்கள் கத்தியிருக்கிறீர்கள். பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டு வந்த கலியன் என்ன சொன்னான் தெரியுமா? அவனே பெருமையாக என்னிடம் சொன்னான். "ஒருத்தரு எழுதியிருந்தா தப்புன்னு உட்டுடலாம் சார். நாலு பேரு நாலு விதமா எழுதிக்கிறாங்க, எப்படி மாத்தி எழுதினாலும் செத்துட்டாருன்னுதான் வருது. கீழ நீங்களே டிக் போட்டுக்கிறீங்க. அப்புறம் அவுரு உயிரோட கீறேன்னு சொன்னா நான் யாரு பேச்ச நம்புறது?" என்கிறான். அதோடு விட்டானா, "வந்தது வந்துட்டோம், ஒரு கையெழுத்து போட்டுட்டா போர்டுல முடிச்சிடுவேன்" என்று தங்களிடமே பேனாவை நீட்டியிருக்கிறான். தாங்கள் பேனாவைப் பிடுங்கித் தெருவில் எறிந்தீர்கள். அதில் நியாயம் இருக்கிறது.

அஞ்சம்மாள் அன்றிலிருந்து எனக்குச் சோறு போடுகிறாள், குழம்பு ஊற்றுவதில்லை. "மனுஷன் கல்லாட்டம் குந்திகினு கீறாரு, அவுரப் போய் சாவடிச்சி வெச்சிக்கிறியே, நீயெல்லாம் இன்னாய்யா வாத்தியாரு? பொண்ணு மொகத்தப் பாத்தியா?" என்கிறாள். பார்த்தேன், சம்பந்தி. பூமிகா, மாப்பிள்ளை பேசினால் போதும் என்று போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை. செத்ததாகச் சேதி வந்தால் ஆயுசு கெட்டி என்று பெரியவர்கள் சொல்வார்கள், தங்களுக்கு நாலு விதமாக வந்திருப்பதால் நாலு மடங்கு கெட்டி. பேரன் பேத்தி கல்யாணம் வரை இருப்பீர்கள். அந்தப் பேரனும் பேத்தியும் என் பெண் வயிற்றில் பிறக்கட்டும் என்பதுதான் என் பிரார்த்தனை.

ஒரே ஒரு உதவி கேட்கிறேன். தாங்கள் கையெழுத்துப் போடாததால் அந்த வரியை அழிக்க முடியவில்லை. போர்டில் தாங்கள் இன்னமும் காலமானபடியே இருக்கிறீர்கள். பதினாறாம் நாளுக்கு என்ன ஏற்பாடு என்று வேறு பேச்சு கிளம்பியிருக்கிறது. ஆகவே கலியன் வந்து எந்தத் தாளை நீட்டினாலும், ஒன்றும் கேட்காமல், படித்துக்கூடப் பார்க்காமல், உடனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள். இந்தக் கதை அன்றோடு முடிந்துவிடும்.

இனிமேல் தங்கள் பெயர் என் வகுப்பில் வராது. என் தவறுக்கு நானே பொறுப்பு என்று, இன்றிலிருந்து எல்லா வாக்கியத்திலும் என் பெயரையே போட ஆரம்பித்துவிட்டேன். வருவது எனக்கே வரட்டும். நல்லவேளையாக நோய், சாவுப் பாடங்கள் முடிந்தன. இன்றைய பாடம் மங்களகரமானது, கல்யாணத்தைப் பற்றியது. வகுப்பு முடிந்த கையோடு, போர்டைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு ஓடி வந்து இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு என் பணிவான வணக்கம். தாங்கள் குடித்ததில்லை என்று அவரிடம் நேரில் வந்து கற்பூரம் அடிக்கவும் தயார். மாப்பிள்ளைக்கு ஆசிகள். தங்கள் குடும்பம் ஆலாய்த் தழைத்து அறுகாய் வேரோடட்டும்.

என்றும் தங்கள் உயிரின்மேல் அக்கறையுள்ள,
பரசுராமன்.

பின்குறிப்பு (மறுநாள்): தபாலில் போடலாம் என்று காலையில் கிளம்பினேன், இனி அதற்கு நேரமில்லை. எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து மாப்பிள்ளை போனுக்கு அனுப்புகிறேன். இதை முதலில் படிக்கவும் என்று மேலே எழுத இடமில்லை. நேற்றைய பாடத்தில் "பரசுராமன் தன் மகள் கல்யாணத்தை நிறுத்திவிட்டார்" என்ற வாக்கியத்தை "கால் ஆஃப்" போட்டு மாற்றினார்கள். சரியாகத்தான் மாற்றினார்கள், நானும் டிக் போட்டேன். இப்போதுதான் கலியன் போன் பண்ணினான். "ஒண்ணும் கவலப்படாதீங்க சார், மண்டபத்துல சொல்லி வேற பார்ட்டிக்கு உட்டாச்சு, சமையக்காரரும் அட்வான்ஸ திருப்பித் தர ஒத்துக்கினாரு, மாத்தின தட்டத் திருப்பிக் குடுக்கணும்னு இப்ப பழத்தட்டோட மாப்ள ஊட்டுக்குத்தான் போய்க்கினு கீறோம், கையெழுத்து வாங்கினா முடிஞ்சிது" என்றான். நான் கத்துவதற்குள் பெரியபாளையத்தில் சிக்னல் போய்விட்டது. அஞ்சம்மாளும் பூமிகாவும் நானும் ஷேர் ஆட்டோவில் பின்னால் வந்துகொண்டிருக்கிறோம். மேலே நான் கேட்டுக்கொண்டதை எல்லாம் மறந்துவிடுங்கள், சம்பந்தி. என்னை மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, போர்டில் செத்தவராகவே இருந்தாலும் பரவாயில்லை. நாங்கள் வந்து சேரும் வரைக்கும் கலியனை உட்காரவைத்துக் காபி கொடுங்கள். தட்டை வாங்காதீர்கள். கையெழுத்து மட்டும் போட்டுவிடாதீர்கள்.