அப்பாவுக்கு ஊசி புக் பண்ணிய கதை

ஒரு வீட்டில் ஒரே ஒருவர் இன்ஜினியரிங் படித்துவிட்டால் போதும். ஃபேன் ஓடாவிட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள், குக்கர் விசில் அடிக்காவிட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவருக்கும் கொஞ்ச நாளில் தனக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணம் வந்துவிடும். எனக்கு வந்திருந்தது.

நான் படித்தது எலெக்ட்ரானிக்ஸ் அண்டு கம்யூனிகேஷன். படிப்பு முடிந்து, வேலையும் கிடைத்து, சேரும் தேதி மட்டும் வராமல் விழுப்புரத்தில் வீட்டோடு இருந்தேன். பன்றிக் காய்ச்சல் பரவிக்கொண்டிருந்த நேரம். அப்பா விழுப்புரம் – திண்டிவனம் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். பயணிகள் இருமுவதெல்லாம் அவர் முகத்தில்தான். போதாததற்கு அவருக்கு வீசிங் வேறு. "இந்தக் காய்ச்சல் வந்தா உங்க நெஞ்சு தாங்காது. ஊசி போட்டுக்கினு அப்புறம் டூட்டிக்குப் போங்க" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஆகவே அப்பா வீட்டில் இருந்தார். கண்டக்டரை வீட்டில் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்பது மற்றவர்களுக்குத் தெரியாது. நாங்கள் எல்லோரும் பயணிகள் ஆகிவிட்டோம். "கதவாண்ட நிக்காத, உள்ள போ, உள்ள எடம் கீது" என்று சமையலறை வாசலில் நின்று அம்மாவை விரட்டுவார். ராத்திரியில் இழுப்பு வந்து அவர் எழுந்து உட்கார்ந்துகொள்ளும்போது மட்டும் நாங்களும் எழுந்து அவர் முதுகை நீவிவிடுவோம். ஊசி எப்படியும் வேண்டும் என்று அப்போதுதான் எல்லோருக்கும் உறைக்கும்.

விழுப்புரத்தில் நாங்கள் கேட்ட இடங்களில் எல்லாம் இல்லை. திண்டிவனத்தில் ஒரு கிளினிக்குக்குக் கொஞ்சம் மருந்து வருகிறது என்று தெரிந்தது. நேரில் போனால் பெயர் எழுத மாட்டார்களாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் போனில் பெயர் கொடுக்க வேண்டும். இருப்பது ஒரே ஒரு லேண்ட்லைன்.

இந்த இடத்தில்தான் என் படிப்பு விழித்துக்கொண்டது. ஒரு போன் முயற்சி செய்வதைவிடப் பல போன்கள் ஒரே நேரத்தில் முயற்சி செய்தால் லைன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். (ஊரில் இருக்கிற எல்லோருக்கும் அதே லைன்தான் என்பதோ, அதை அடைத்துக்கொண்டிருக்கப் போவதே நாங்கள்தான் என்பதோ என் கணக்கில் வரவில்லை.) கண்டாச்சிபுரத்தில் சித்தப்பா, குயிலாப்பாளையத்தில் அத்தை, மரக்காணத்தில் மாமா, அப்பாவின் பஸ் டிரைவர் ஏழுமலை அண்ணன் என்று ஆள் சேர்த்தேன். எல்லோருக்கும் விதிகள் சொன்னேன். ஒன்று, லைன் கிடைக்கும் வரை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு, கிடைத்ததும் "நடராஜன், விழுப்புரம்" என்று பெயர் கொடுக்க வேண்டும். மூன்று, உடனே எனக்கு ஒரு மிஸ்டு கால். நான் மற்றவர்களை நிறுத்தச் சொல்லிவிடுவேன்.

"இன்னா பாப்பா, ராக்கெட் வுடுற மாரி சொல்ற?" என்றார் சித்தப்பா.

"சிஸ்டம் சித்தப்பா, எல்லாம் ஒரு சிஸ்டம்" என்றேன்.

ஞாயிறு காலை நானும் அடித்தேன். பிஸி. மறுபடி அடித்தேன். பிஸி. நடுவில் வேறு கால் வந்தால் 'பீப் பீப்' என்று தொந்தரவாக இருக்குமே என்று, கால் வெயிட்டிங் வசதியை முதல் நாளே அணைத்து வைத்திருந்தேன். ஆக, எல்லோரும் மிஸ்டு கால் கொடுக்க வேண்டிய ஒரே போன் காலை முழுவதும் பிஸியாகவே இருந்தது. நான் கம்யூனிகேஷனில் முதல் வகுப்பு.

கடைசியில் எனக்கு லைன் கிடைத்தபோது எதிர்முனையில் ஒரு பெண் குரல், "முடிஞ்சிபோச்சும்மா. எல்லாம் ஃபுல்லு" என்று வைத்துவிட்டது. போனைக் கீழே வைத்தேன். அப்போது சித்தப்பா கூப்பிட்டார். "பேர் குடுத்தாச்சு பாப்பா! அப்பவே மிஸ்டு கால் வுட்டனே, வரல?"

துள்ளிக் குதித்தேன். உடனே எல்லோருக்கும் ஒரே எஸ்.எம்.எஸ்.: "அப்பாவுக்கு ஊசி புக் ஆகிவிட்டது. மிக்க நன்றி." ஒவ்வொருவரும் அந்த நன்றி தனக்கு மட்டும்தான் என்று எடுத்துக்கொண்டு மதியச் சோற்றுக்கு உட்கார்ந்தார்கள்.

மறுநாள் அப்பா, அம்மா, நான் மூவரும் கர்சீப்பை முகமூடியாகக் கட்டிக்கொண்டு கிளினிக்கில் உட்கார்ந்திருந்தோம். பெயர் கொடுக்க முடியாதவர்கள், யாராவது வராமல் போனால் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் கேட்டருகே நின்றார்கள். செல்வி என்ற ரிசப்ஷன் அக்கா பெயர் கூப்பிட ஆரம்பித்தார். முதல் சிலர் போய்விட்டு வந்தார்கள். பிறகு:

"கண்டாச்சிபுரம் நடராஜன்!"

யாரும் எழவில்லை. மூன்று தரம் கூப்பிட்டுவிட்டு, கேட்டருகே நின்ற ஒரு பெரியவரை உள்ளே அனுப்பினார்.

"நம்ம தம்பி ஊர்லயும் ஒரு நடராஜனா!" என்று அப்பா ஆச்சரியப்பட்டார்.

"குயிலாப்பாளையம் நடராஜன்!"

அதற்கும் யாரும் இல்லை. கேட்டருகே நின்ற ஓர் அம்மாள் உள்ளே போனாள். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. பஸ்ஸில் கடைசி சீட் வரை கேட்கும் குரல் அவருடையது.

"பொறுப்பில்லாத பசங்க! வர்லன்னா இன்னாத்துக்குப் பேரு குடுக்கறானுங்கோ? எத்தினி ஜனம் நின்னுக்கினு கீது!"

"கரெக்டு சார்!" என்றார் கேட்டருகே நின்ற லுங்கிக்காரர். கூட்டம் முழுக்க அப்பா பக்கம். அவரும் உற்சாகமாக நடராஜன்களைத் திட்டித் தீர்த்தார்.

"கண்டக்டர் நடராஜன்!"

அப்பா பாதி எழுந்தார். உள்ளே யாரோ "அம்மா!" என்று கத்தும் சத்தம் கேட்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நம்மள விழுப்புரம்னுதானே கூப்புடுவாங்க? இது வேற கண்டக்டரா இருக்கும்." (அப்பாவுக்கு ஊசி என்றால் பயம். அதை அவர் இன்றுவரை மறுக்கிறார்.)

எனக்கு அப்போதுதான் விளங்கியது. என் விதி இரண்டை ஒருவர்கூடப் பின்பற்றவில்லை. "எந்த ஊரு?" என்று கேட்டதும் சித்தப்பாவும் அத்தையும் தாங்கள் இருக்கிற ஊரைச் சொல்லியிருக்கிறார்கள். மாமா, எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வதுபோலத் தொழிலைச் சொல்லியிருக்கிறார். முகத்தில் எதையும் காட்டாமல் எழுந்து செல்வி அக்காவிடம் போனேன். அதற்குள் கண்டக்டருடையதை இன்னொருவருக்குக் கொடுத்து, "விசில் நடராஜன்!" என்றும் கூப்பிட்டு முடித்து, அதையும் லுங்கிக்காரருக்குக் கொடுத்துவிட்டிருந்தார். (ஏழுமலை அண்ணனுக்கு அப்பா எப்போதும் விசில்தான்.)

"அக்கா, அந்த நாலு நடராஜனும் எங்க அப்பாதான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நாலு பேரும் ஒங்கப்பாவா?"

ஹாலில் எல்லோரும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

உள்ளே போகக் கிளம்பிய லுங்கிக்காரர் திரும்பி நின்றார். "அப்ப அந்தப் பொறுப்பில்லாத பசங்கல்லாம் நீங்கதானா சார்?"

அப்பா கர்சீப்பைக் கண் வரை ஏற்றிக்கொண்டார். செல்வி அக்கா கையை விரித்தார். "நான் இன்னா பண்றதும்மா? குடுத்தது குடுத்ததுதான். இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. அதுக்கும் பேர் எழுதிக் கீது." அப்பாவின் மூச்சு அந்தச் சங்கடத்திலேயே இழுக்க ஆரம்பித்திருந்தது. திரும்பிப் போகும் வழியில் என்ன சொல்லி அவரைத் தேற்றுவது என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

"பாப்பா அப்பா! யாருங்க பாப்பா அப்பா?"

அம்மா முழங்கையால் அப்பாவை இடித்தாள். "எழுந்துருங்க. ஒங்களத்தான்."

"நீ எப்பம்மா போன் பண்ண?" என்றேன்.

"நீ ரூமுக்குள்ள கதவச் சாத்திக்கினு டொக்கு டொக்குன்னு அடிச்சிக்கினு இருந்தியே, அப்பத்தான். பக்கத்து வூட்டு போன்ல ஒரு வாட்டி அடிச்சேன், எடுத்தா. பேரு கேட்டா. ஒங்கப்பா பேர நான் எப்டிடி சொல்லுவேன்? பாப்பா அப்பான்னு எழுதிக்கோம்மான்னேன். எழுதிக்கினா."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீதான் அடுத்த நிமிசமே புக் ஆயிடுச்சுன்னு குதிச்சிக்கினு வந்தியே? என்னுதத்தான் சொல்றேன்னு நெனச்சேன்."

அப்பா உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. "அம்மா!" என்ற சத்தம் கடைசி சீட் வரை கேட்டது. கேட்டருகே யாரோ கை தட்டினார்கள்.

அடுத்த வாரமே டூட்டிக்குப் போய்விட்டார். எங்கள் உறவில் அன்றிலிருந்து, வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவருக்குப் பெயர் கண்டாச்சிபுரம் நடராஜன். வீட்டு விசேஷத்துக்கு யாருக்காவது போன் செய்ய வேண்டும் என்றால், முதலில் என் கையில் இருக்கும் போனை வாங்கி வைத்துவிடுவார்கள்.

என் கல்யாணத்தில் தாரை வார்க்கும் நேரம். "பொண்ணோட அப்பா நடராஜன் உடனே மேடைக்கு வரவும்" என்று மைக்கில் கூப்பிட்டார்கள். பந்தியிலிருந்து சித்தப்பா, அத்தை, மாமா, ஏழுமலை அண்ணன் நாலு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள்:

"எந்த நடராஜன்?"

மாப்பிள்ளை வீட்டார் திகைத்துப் போய், பெண்ணுக்கு எத்தனை அப்பா என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.