எனக்கு ஒரு கும்பிடா, இரண்டா?

முங்யொங்,
சுசொக் அறுவடைப் பண்டிகைக்கு ஒன்பது நாள் முன்பு.

கோஜே தீவின் கப்பல் கட்டும் தளத்தில் இரும்பைத் தண்ணீர் போல் உருக்கி ஒட்டவைக்கும் கைகாரனும், எங்கள் வூ வம்சத்தின் மூத்த பேரனுமான அன்பு மகன் தேகுனுக்கு, உன் கடைசிச் சித்தப்பா வூ பான்சோக் நலமாகவும் உயிரோடும் இருந்து எழுதிக்கொள்வது. உயிரோடு என்பதை அடிக்கோடிட்டுப் படித்துக்கொள். இந்தக் கடிதமே அதைப் பற்றியதுதான்.

இங்கே ஆப்பிள் சிவந்துவிட்டது. உன் சித்திக்கு முழங்கால் வலி குறைந்து குரல் கூடியிருக்கிறது. மில் அமோகமாக ஓடுகிறது. பண்டிகைக்கு மிளகாய் அரைக்க வந்தவர்களின் வரிசை ஆற்றுப் பாலம் வரை நிற்கிறது. பாலம் மில்லுக்கு எதிரிலேயே இருக்கிறது என்று உன் சித்தி சொல்வாள், அவளுக்கு எப்போதுமே தூரம் கணக்கிடத் தெரியாது.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருடம் பண்டிகைக்கு உங்கள் வீட்டு வாசற்படியை மிதிக்கக் கூடாது என்று உன் அப்பா எனக்குத் தடை போட்டுவிட்டார். அறுபத்தோரு வருடமாக முன்னோருக்குப் படையல் போடும் அந்தக் கூடத்தில், அண்ணன் தம்பி ஐந்து பேரில் கடைசி ஆளாகக் கதவோரம் நின்று கும்பிட்டு வருகிறவன் நான். கதவோரம் என்றாலும் அது என் இடம், முதுகில் அடிக்கிற குளிர்காற்று உட்பட. அந்த இடம் போய்விடும் போலிருக்கிறது. நீதான் உன் அப்பாவிடம் பேசிச் சரிசெய்ய வேண்டும். அதற்காக நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஒரு சொல் கூட்டவில்லை, கூட்டியிருந்தால் அழகுக்காக மட்டுமே.

'நாலாம் மாடி' படங்களை நீ பார்த்திருப்பாய். நாலு என்றால் சாவு என்று பயந்து நம் லிஃப்டுகளில் அந்த எண்ணுக்குப் பதிலாக ஓர் ஆங்கில எழுத்தைப் போடுகிறோமே, அந்தப் படத்தில் ஒரு பழைய லிஃப்டில் மட்டும் நிஜமான நாலு இருக்கிறது. அதை அமுக்கினால் கதவு கொரியோ ராஜாக்கள் காலத்தில் திறக்கும். கதாநாயகன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன், காலால் உதைத்தே வாள்காரர்களைச் சாய்ப்பான். முந்நூறு வருடம் கழித்துப் பிறக்கப்போகிற இரும்பு மனிதர்கள் அதே லிஃப்டில் பின்னாலேயே வருவார்கள். முதல் பாகத்தில் யார் செத்தார்கள் என்பது இரண்டாம் பாகத்தில்தான் தெரியும், இரண்டாம் பாகத்தில் செத்தவர்கள் முதல் பாகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். எனக்கு எல்லாம் முதல் தடவையிலேயே விளங்கிவிட்டது. நாலு தடவை பார்த்தது பொழுதுபோக்குக்கு.

மூன்றாம் பாகத்தை எங்கள் ஊர் மலையடிவாரத்தில்தான் எடுக்கிறார்கள். படப்பிடிப்பு தொடங்கும் நாளில் பன்றித் தலை வைத்துப் படையல் போடுவார்கள் அல்லவா, அதற்குச் சிவப்புப் பயறு தூவிய அரிசிப் புட்டு நம் மில்லில்தான் வாங்கினார்கள். நானே ஆவி பறக்கத் தூக்கிக்கொண்டு போனேன். இயக்குநர் மோக் சோரின் என்று ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், என் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். கண்ணில் நீர் வந்ததா, புட்டின் ஆவி பட்டதா என்று அடித்துச் சொல்லமாட்டேன். கதாநாயகனின் இருபத்து மூன்றாம் தலைமுறைப் பாட்டனாக, பெரிய வாள்வீரனாக, நடிக்க வேண்டியவர் முந்தின நாள் ஒத்திகையிலேயே குதிரையிலிருந்து விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார். அந்த இடத்துக்கு நான். கேட்டாயா தேகுன், வம்சத்தில் கடைசியாக நிற்கிற நான் ஒரு வம்சத்துக்கே மூதாதை ஆனேன்.

ஒட்டுத் தாடி, குதிரைமயிர்த் தொப்பி, பட்டு அங்கி எல்லாம் போட்டு முற்றத்தில் பாய் மேல் உட்காரவைத்தார்கள். லிஃப்ட் கதவு திறந்தது. கதாநாயகனாக நடிக்கும் கீ ஹாராம் என்ற பையன் வெளியே வந்தான், என்னைப் பார்த்தான், முழங்காலிட்டு நெற்றி தரையில் பட விழுந்து கும்பிட்டான். எனக்கு மார்பு நிறைந்துவிட்டது. பிறந்ததிலிருந்து நான்தான் எல்லாருக்கும் விழுந்திருக்கிறேன். ஆனால் பையன் எழுந்து நின்றான், மறுபடி மண்டியிட்டு இரண்டாவது கும்பிடு போட்டான். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. உயிரோடு இருக்கிற பெரியவருக்கு ஒரு கும்பிடு, செத்தவருக்குத்தானே இரண்டு? கேமரா ஓடிக்கொண்டிருந்தது, நான் எழுந்துவிட்டேன்.

"தம்பி, நான் மூச்சு விட்டுக்கிட்டுதான இருக்கேன்? மூக்குகிட்ட கைய வெச்சுப் பாரு."

பையன் நல்ல வளர்ப்பு, பயந்துபோனான். "தப்பா எடுத்துக்காதீங்க ஐயா. நான் வர்றது நம்ம காலத்துலேருந்து. அங்க நீங்க போய் அறுநூத்தி எழுபது வருஷம் ஆச்சு."

"ஆனா நீ இப்ப நிக்கிறது என் முற்றத்துல. இங்க நான் காலைல கஞ்சி குடிச்சிட்டு உட்கார்ந்திருக்கேன்."

அவ்வளவுதான், நானூறு பேர் இரண்டு கட்சியாகிவிட்டார்கள். கேமராக்காரர், கும்பிடுகிறவன் எந்தக் காலத்து ஆளோ அந்தக் காலத்துக் கணக்குதான், இரண்டே சரி என்றார். ஒப்பனை செய்பவர், கும்பிடு வாங்குகிறவர் கண் திறந்திருந்தால் ஒன்றுதான் என்றார். மைக் பிடிக்கும் பெண் ஒருத்தி, "பொறக்காத பையன் எப்படிங்க கும்பிட முடியும்? கும்பிடே கிடையாது, பூஜ்ஜியம்" என்றாள். அவளை யாரும் மதிக்கவில்லை. இரும்பு மனிதர் வேடம் போட்ட ஆறு பேர் தலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாதாடினார்கள். சண்டைப் பயிற்சியாளர் பாங் மட்டும் ஓரத்தில் அம்புக் கட்டோடு நின்றார். சாப்பாட்டு வண்டியில் மாட்டெலும்புச் சூப் ஆடை கட்டிவிட்டது.

இயக்குநர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "சடங்கு முறை தெரிஞ்ச பெரியவங்க யாராவது இருந்தா நல்லாருக்கும்" என்றாள். நான் சும்மா இருந்திருக்கலாம். இந்த மாகாணத்திலேயே சடங்கு தெரிந்த ஒரே ஆள் என் மூத்த அண்ணன்தான் என்று சொல்லி, பட்டு அங்கிக்குள்ளிருந்து செல்போனை எடுத்து, எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரிலும் போட்டேன்.

"அண்ணா, ஒரு சந்தேகம். எனக்கு எத்தனை கும்பிடு?"

"என்னடா உளர்ற?"

"இங்க ஒரு பையன் எனக்கு ரெண்டு கும்பிடு போட்டுட்டாண்ணா. நானூறு பேர் பாத்தாங்க."

அந்தப் பக்கம் டிவியை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு உன் அப்பா மெதுவாகப் பேச ஆரம்பித்தார். அவர் மெதுவாகப் பேசினால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும்.

"எனக்கு எழுபத்தெட்டு வயசு, கல்லு மாதிரி இருக்கேன். எனக்கப்புறம் மூணு பேரு வரிசைல நிக்கிறாங்க. யாரைக் கேட்டுடா நீ முந்திக்கிட்டுப் போன?"

"சினிமாவுலதாண்ணா."

"எங்க போனாலும் போனதுதான். ரெண்டு கும்பிடு வாங்கினவன் பண்டிகைக்கு நடந்து உள்ள வரக் கூடாது. வாசப்படிய மிதிக்காத. பசிச்சா, தாத்தா பாட்டியோட சேர்ந்து ஆவியா வந்து படையல்ல சாப்பிட்டுப் போ."

வைத்துவிட்டார். நானூறு பேரும் தரையைப் பார்த்தார்கள். இரும்பு மனிதர்கள் தலையை எடுத்து மாட்டிக்கொண்டார்கள்.

அப்போதுதான் பாங் வாயைத் திறந்தார். "முதல் கும்பிடுக்கு அவன் குனியறப்ப எதிரி விடற அம்பு தலைக்கு மேல போயிடும். ரெண்டாவதுக்கு எழுந்தான்னா அம்பு நெஞ்சுல. எனக்கு ஒண்ணுக்குத்தாங்க இடமிருக்கு." இதை ஒரு மணி நேரம் முன்பே சொல்லியிருக்கலாமே என்று இயக்குநர் கேட்டாள். "யாரும் கேக்கலீங்களே" என்றார் மனிதர். ஆக, ஒரே கும்பிடு என்று முடிவாயிற்று. நான் உயிர் பிழைத்தேன்.

உயிரோடு இருக்கிற மூதாதை சும்மா உட்கார்ந்திருப்பானா? சண்டையும் வைத்தார்கள். இடுப்பில் கம்பி கட்டி என்னைப் பதினைந்து அடி தூக்கினார்கள். மூன்றடி என்று பாங் சொல்கிறார், அவர் கீழே நின்றதால் அப்படித் தெரிந்திருக்கும். காற்றில் இரண்டு சுற்று சுற்றி ஒரே உதையில் மூன்று இரும்பு மனிதர்களைச் சாய்த்தேன். அதில் ஒருவன் நான் தொடுவதற்கு முன்பே விழுந்தான், பயம். இறங்கும்போது தாடி இன்னொருவன் மார்பில் ஒட்டிக்கொண்டது, தொப்பி கூரையில் தங்கியது, அங்கியின் நாடா என்னவாயிற்று என்பதை எழுத வேண்டாம் என்கிறாள் உன் சித்தி. கைதட்டல் மலையில் எதிரொலித்தது. சிரிப்புச் சத்தமும் கொஞ்சம் கலந்திருந்தது, சந்தோஷத்தில்.

ஆகவே மகனே, உன் அப்பாவிடம் மூன்று விஷயம் சொல். எனக்கு விழுந்தது ஒரே கும்பிடு, நான் வரிசையை முந்தவில்லை, போதாக்குறைக்குப் பறந்தும் இருக்கிறேன். சாகாதவன்தானே பறப்பான்? படம் வந்ததும் அவரை முன்வரிசையில் உட்காரவைத்துக் காட்டு. பண்டிகைக்கான சொங்பியொன் கொழுக்கட்டைக்குப் புது அரிசி இடித்துத் தயாராக வைத்திருக்கிறேன், எள் வைத்தது பாதி, பயறு வைத்தது பாதி. வாசற்படிக்கு வெளியே நின்று நீட்டவேண்டிய நிலை எனக்கு வராமல் பார்த்துக்கொள்.

நீ ஒட்டுகிற கப்பல் எல்லாம் கடலில் நேராக மிதக்கட்டும். உன் மனைவிக்கு மாமியார் தொலைபேசி அழைப்புகள் குறையட்டும். உன் மகள் பரீட்சையில் என் மூளையோடும் உன் சித்தியின் கையெழுத்தோடும் ஜெயிக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரே கும்பிடுக்கு உரிய உன் சித்தப்பா,
வூ பான்சோக்.

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டு மறுபடி பிரித்திருக்கிறேன். மேலே உள்ளதில் பாதியை மறந்துவிடு, மீதியை உன் அப்பாவிடம் சொல்லாதே. இன்று மத்தியானம் இயக்குநர் கூப்பிட்டாள். எடுத்ததையெல்லாம் சேர்த்துப் பார்த்தார்களாம், நான் பறக்கிற இடம் வேண்டாமாம். அதற்காக லிஃப்டே நாற்பது வருடம் தாமதமாகப் போய் நிற்கிறதாம். கதவு திறக்கும்போது பாட்டன் செத்து, சுவரில் சித்திரமாகத் தொங்குகிறார். முன்னால் படையல், இரண்டு கும்பிடு. பதறியடித்துக்கொண்டு ஓடினேன், எப்படியாவது உயிர்ப்பிச்சை கேட்கலாம் என்று. போய்ப் பார்த்தால் முற்றத்தில் உன் அப்பா நிற்கிறார். படையலில் எதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவரையே கார் அனுப்பி வரவழைத்திருக்கிறார்கள். மீன் தலையைக் கைத்தடியால் கிழக்கே நகர்த்திக்கொண்டிருந்தார். என் சித்திரத்தை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவன் தலைக்கு மேல யாரு படம்?"

"யாரும் இல்லீங்க ஐயா" என்றாள் இயக்குநர்.

"தம்பி போயிருந்தா அண்ணன் அதுக்கு முன்னாடியே போயிருக்கணும்ல? வரிசைன்னு ஒண்ணு இருக்கும்மா. என்னையும் வரைங்க, இவனுக்கு மேல."

இரண்டு மணி நேரம் கண் இமைக்காமல் உட்கார்ந்து வரையக் கொடுத்தார். தொப்பி மட்டும் என்னுடையதைவிட ஒரு சாண் உயரமாக இருக்கட்டும் என்றார். எல்லாம் முடிந்ததும் அந்த ஹாராம் பையன் பயந்து பயந்து பக்கத்தில் வந்து, "ஐயா, இப்ப யாருக்கு எத்தனை?" என்று கேட்டான்.

உன் அப்பா என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"எனக்கு ரெண்டு. அவனுக்கு ஒண்ணு போதும், பண்டிகைக்கு வந்து படையல் மேசை தூக்கணும்."