பத்திநாதன் இழுத்து வந்த குதிரை

திரையில் பூ பூத்துக்கொண்டே இருந்தது. பத்திநாதன் எந்தப் பொத்தானை அமுக்கினாலும் இன்னொரு பூ.

எண்பத்தொன்பதாம் வருசம், இலங்கை மலையகத்தில் வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். ஆபீசுக்குக் கம்பியூட்டர் வந்ததும் மேனேஜர் தொரை செய்த முதல் காரியம், ஆட்களின் பேரும் வயசும் எழுதிய பழைய பேர்ப் புத்தகங்களை எரித்ததுதான். இப்போது அந்தப் பெட்டிக்குள் இருந்த இருபது பேர் பட்டியல் வெள்ளிக்கிழமைக்குள் கொழும்புக்குப் போக வேண்டும். எல்லாரும் ஐம்பத்தைந்து தாண்டிய பெண்கள். வேலையும் போகும், குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போகும். முதல் பேர் ஆபீஸ் கூட்டுகிற காளியாயி. ஆறு மாசத்துக்கு முன் வந்த புதுக் கிளாக்கர் பத்திநாதனுக்கு மனசு கேட்கவில்லைதான். பட்டியல் போகாவிட்டால் அவர் வேலை போய்விடுமே!

காலையில் காளியாயி கொண்டுவந்த தபாலில், 'இலவச விளையாட்டு' என்று ஒரு டிஸ்க் இருந்தது. சும்மா வந்ததை விடுவானேன் என்று போட்டார். மனுசனுக்கு வேண்டாத வேலை. அணைத்துப் போட்டார்; பூ இரட்டித்தது. வயரைப் பிடுங்கிச் சொருகினார். பூவோடு கீச்சுச் சத்தமும் சேர்ந்துகொண்டது.

டிஸ்க் வந்த உறையிலேயே பழுதுபார்க்கிறவர் போன் நம்பர் இருந்தது. கூப்பிட்டார். மறுநாள் தோட்டத்து லொறியில் தானே ஸ்டேஷனுக்குப் போய், சிவசாமி என்கிற அந்த ஆளைப் பெட்டியும் கையுமாக ஏற்றிவந்தார்.

"இதுக்குப் பேரு ட்ரோஜன் குதிரைங்க," என்றான் சிவசாமி. பத்து வருசம் முட்டியும் ட்ராய் கோட்டைக்குள் நுழைய முடியாத கிரேக்கர்கள், மரத்தில் ஒரு பெரிய குதிரை செய்து வாசலில் விட்டுப் போனார்களாம். ஊர்க்காரர்கள் பரிசென்று உள்ளே இழுத்தார்களாம். ராத்திரி அதன் வயிற்றிலிருந்து ஆட்கள் இறங்கிக் கதவைத் திறந்துவிட்டார்களாம்.

"வெளிய நல்லதாட்டம் இருந்து உள்ள கெடுக்கிறதுக்கு அந்தப் பேரையே வச்சிட்டாங்க. வீட்டுக்காரனே இழுத்துட்டு வரணும், அதாங்க சூட்சுமம்."

பத்திநாதன் வாயைப் பிளந்து கேட்டார். அவன் கேட்டதும் பட்டியலின் நகல் இருந்த டிஸ்க்கையும் எடுத்துக் கொடுத்தார். காளியாயி தேத்தண்ணி வைத்தாள். சாயங்காலம் பூ போய்விட்டது. பட்டியலும் வயசுப் பதிவும் கூடவே போய்விட்டன, நகலிலும்தான். குதிரை தின்றுவிட்டது என்று வருத்தப்பட்டுவிட்டு அவன் ரயிலேறினான்.

தொரை தைதை என்று குதித்தார். ஆனால் புத்தகத்தை எரித்தது அவரல்லவா? வெளியே சொன்னால் அவர் மானம்தான் போகும். பத்திநாதனை ஒன்றும் செய்ய முடியாமல், வயசை ஆளாளாகக் கேட்டு எழுதச் சொன்னார். மத்தியானத்துக்குள் தோட்டத்தில் நாற்பத்தைந்து தாண்டிய பெண்ணே இல்லாமல் போனாள்.

கடைசியாக வந்த காளியாயி கூசாமல் முப்பத்தெட்டு என்றாள். பத்திநாதன் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். இருபது காம்பராவும் பிழைத்ததில் அவருக்கு அப்படி ஒரு சந்தோசம்.

"அந்தக் குதிரையச் செஞ்சவன் நல்லா இருக்கணும். எந்தத் தாய் பெத்த பிள்ளையோ!"

காளியாயி விளக்குமாறைக் கீழே வைத்தாள்.

"நான் பெத்ததுதாங்கய்யா. நீங்க லொறியில கூட்டியாந்த தம்பிதான். வர்ற தைக்கு அவனுக்கு முப்பத்திரெண்டு முடியுது."