பொண்ணு வீட்டார் வரும் நேரத்தில் பச்சைப் பாய்

கௌதமன் மீன் தொட்டிக்குள் முழங்கைவரை கையை விட்டுக்கொண்டு நின்றபோது, சமையலறையிலிருந்து அம்மா மாசாணியம்மாள் குரல் கொடுத்தாள்.

"ஏஞ்சாமி, பொண்ணு ஊட்டுக்காரங்க அவிநாசியில கெளம்பீட்டாங்களாமா. நீ இன்னும் குளிக்கலியா?"

"இதா, ரெண்டே நிமிசம்மா."

அந்த இரண்டு நிமிஷம் காலையிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது.

போத்தனூரில் அந்தத் தொட்டிக்கு நல்ல பெயர் உண்டு. அடித்தரை முழுக்கப் பச்சைச் செடி பாய் விரித்த மாதிரி படர்ந்திருக்கும். போன மாதம் வேர் அழுகி, செடி பழுப்பேறி, அங்கங்கே சொட்டை விழுந்துவிட்டது. வேறு யார் வருவதாக இருந்தாலும் கௌதமன் கவலைப்பட்டிருக்க மாட்டான். வரப்போவது அவனுக்குப் பார்த்திருக்கும் பெண் யுவஸ்ரீ.

போனில் பேசிய முதல் நாளே அவன் தன் தொட்டியைப் பற்றி அளந்துவிட்டான். "எங்க ஊட்லயும் இருக்குதுங்க. நாலடித் தொட்டி" என்று அவள் ஒரே போடாகப் போட்டாள். அன்றிலிருந்து இவன் சிஷ்யன். எதைக் கேட்டாலும் உடனே பதில் வராது. கொஞ்சம் பொறுத்துத் தீர்ப்பு மாதிரி வரும். விஷயம் தெரிந்தவர்கள் அவசரப்பட மாட்டார்கள் என்று அவன் சொக்கிப்போவான்.

அப்படிப்பட்டவள் இந்தச் சொட்டையைப் பார்த்தால் கல்யாணத்துக்குச் சம்மதிப்பாளா? அந்தப் பயத்தில்தான் காந்திபுரத்துக் கடையில் புதுச்செடி வாங்கிவந்து, தன் தொட்டிக்கு என்று சொல்லாமல் காலையில் போனில் அவளையே கேட்டான்.

"பழைய செடிய எப்படிங்க எடுக்கறது?"

சற்றுப் பொறுத்துப் பதில் வந்தது: "பாயச் சுருட்டற மாதிரி ஒரே இழுப்பா இழுக்கோணுங்க."

இழுத்தான். வேரோடு அடிமண் மொத்தமும் கிளம்பி, தொட்டி மழைக்காலத்து நொய்யல் ஆறாகிவிட்டது. மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தன.

"மீன வேற பாத்திரத்துக்கு மாத்துங்க. பெருசா இருக்கோணும்" என்று அவளிடமிருந்து அடுத்த பதில் வந்தது.

வீட்டில் பெரிய பாத்திரம் என்றால், அம்மா கேசரி கிண்ட எடுத்துவைத்திருந்த குண்டாதான். மீன்கள் அதில் குடியேறின.

புதுச்செடியை நட்டான். கையை எடுத்ததும் மிதந்தது. "கல்லு வெச்சு அமுக்குங்க" என்றாள். அமுக்கினான், கல்தான் தெரிந்தது, செடியைக் காணோம். "அப்ப கல்ல எடுத்துப்போட்டு, தண்ணி தெளியற வரைக்கும் பில்டர் மோட்டார முழு வேகத்துல விடுங்க" என்றாள். விட்டான். நட்டது அத்தனையும் பிடுங்கிக்கொண்டு, ரசத்தில் கொத்தமல்லித் தழை மாதிரி சுற்ற ஆரம்பித்தது.

"சாமி, என்ற குண்டா எங்க?" என்று அம்மா வந்தாள். எட்டிப் பார்த்தாள். "அட கெரகமே!"

வாசலில் கார் வந்து நின்றது.

முதலில் யுவஸ்ரீயின் அத்தை அன்புக்கரசி நுழைந்தாள். பின்னால் பெரியவர்கள். கடைசியாக யுவஸ்ரீ. அவள் தொட்டியைப் பார்த்தாள், குண்டாவைப் பார்த்தாள், சொட்டச் சொட்ட நின்ற மாப்பிள்ளையைப் பார்த்தாள். முகம் வெளுத்துப்போயிற்று.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டான் கௌதமன்.

"நீங்க சொன்னபடியேதானுங்க செஞ்சேன். எனக்குத்தான் கைப்பக்குவம் பத்தலீங்க."

"இல்லீங்க" என்றாள் அவள். "தப்பு என்ற மேலதானுங்க."

சொன்னவள் வளையலை மேலே ஏற்றிக்கொண்டு, பட்டுச்சேலை நனைவதையும் பாராமல் தொட்டிக்குள் கையை விட்டு, மிதந்த செடியைப் பொறுக்க ஆரம்பித்தாள். கௌதமனுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. இவ்வளவு தெரிந்தவளுக்கு இவ்வளவு அடக்கமா! அவனும் பக்கத்தில் கையை விட்டான்.

"ஏனுங்கம்மா" என்றான் அத்தையிடம், பூரிப்பாக. "உங்க ஊட்டுத் தொட்டிய இவங்க எவ்வளவு அழகா வெச்சிருப்பாங்கன்னு இப்பவே தெரியுதுங்க."

அன்புக்கரசி விழித்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"எங்க ஊட்லயா? எங்க ஊட்டுக்கு மீனு வந்தா நேராக் கொழம்புக்குத்தானுங்க தம்பி போகும். உங்ககூடப் பேசோணும்னே இந்தப் புள்ள இத்தன நாளா போனுல மீனு வளக்கறதப் படிச்சுட்டுக் கெடக்குதுங்க!"