லிஃப்ட்டுக்குள் ஒரு வாயில்லாத் தாய்மாமன்

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயில்லாமல் கெட்டவன். அதுவும் சொந்த அக்காவின் மகன் நிரோஷனுடைய கலியாணத்தில், கையில் தாலியோடு.

முதலில் என் வாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் வெள்ளவத்தையில் வணிகக்கல்வி டியூஷன் மாஸ்டர். வரவு செலவைப் பற்றி நான் உரத்துச் சொன்னால், காலி வீதிக்கு அந்தப் பக்கம் சலூனில் முடி வெட்டிக்கொண்டிருப்பவருக்கும் பாடம் நடந்துவிடும். இத்தனை வருடம் அப்படிக் கத்தியதில் குரல்நாணில் ஒரு சிறு கட்டி வந்தது. வெட்டி எடுத்தார்கள். இரண்டு கிழமைக்குக் கதைக்கவே கூடாது என்றார் டொக்டர். முணுமுணுக்கவும் கூடாதாம், தொண்டையைச் செருமவும் கூடாதாம். மீறினால் குரல் திரும்பி வருமென்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார். (வெளியே வந்த பிறகு என் மனைவி வசந்தி மறுபடியும் உள்ளே போனாள். இதை ஒரு மாதமாக்க ஏலாதோ என்று கேட்கப் போனாளாம்.)

ரொறன்ரோவில் இருக்கும் என் மச்சான் இதைக் கேள்விப்பட்டு, அங்கேயென்றால் இது ஒரு பிரச்சினையே இல்லை என்று குரல் செய்தி அனுப்பினான். கதைக்க முடியாதவர்கள் போனில் எழுதுவார்களாம். நடுவில் ஒருவர் இருந்து அதை மறுமுனையில் இருப்பவருக்கு வாசித்துக் காட்டுவாராம். ஒரு சொல்லைக்கூடக் கூட்டவோ குறைக்கவோ மாட்டாராம். எனக்கு நடுவில் இருந்தது வசந்தி. நான் மூச்சுப் பிடித்துப் பத்து வரி எழுதிக் கொடுத்தால், அவள் அதைப் பார்த்துவிட்டு எதிரில் இருப்பவரிடம், "அவருக்குப் பிடிக்கேல்லையாம்" என்பாள். அவ்வளவுதான் என் பத்து வரி.

இந்தக் கொடுமையைப் பார்த்து மகள் அபி என் போனில் ஒரு செயலியை இறக்கித் தந்தாள். எழுதினால் அது வாசிக்கும். வாசிப்பது ஒரு பெண் குரல். இந்தியாவில் ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்யும் அம்மையாரின் குரல். என் ஐம்பது வயதுத் தொப்பைக்குள் இருந்து அந்தக் குரல் வருவதைக் கேட்டு பாண் கடைக்காரர் இரண்டு நாள் என்னை நேரே பார்க்கவில்லை.

கதைக்க முடியாத கோபத்தை நான் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தீர்த்துக்கொண்டேன். கலியாணக் காரின் நிறம், பந்தலின் வாழை, வடையின் அளவு என்று எல்லாவற்றைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதினேன். நான்காம் நாளே எல்லோரும் என்னை வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. கீழே இதயமும் கட்டைவிரலும் வந்துகொண்டிருந்ததால் பெரிய வரவேற்பு என்று நினைத்திருந்தேன்.

கலியாணத்தன்று என்னை என்ன செய்வதென்று வீட்டில் யோசித்தார்கள். தாய்மாமன் சும்மா நிற்கக் கூடாது. வரவேற்பில் நிறுத்தினால் வருகிற சனத்தை ரயில் நிலைய அம்மையார்தான் வரவேற்பார். கடைசியில் அக்கா வாய் தேவைப்படாத ஒரு வேலையைக் கண்டுபிடித்தார். தாலியைப் பிள்ளையார் கோயிலில் வைத்து அருச்சனை செய்து மண்டபத்துக்குக் கொண்டுவருவது. எங்கள் வழக்கத்தில் தாலியும் கூறைச் சேலையும் மாப்பிள்ளை வீட்டார்தான் கொண்டுபோக வேண்டும். கூறையை அக்கா எடுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டார். தாலி என் பொறுப்பு. முகூர்த்தம் பத்தரை மணியோடு முடிகிறது, அதற்குப் பிறகு ராகுகாலம் என்று ஐயர் எல்லோரையும் எச்சரித்திருந்தார்.

கோயிலில் சனம். கொஞ்சம் பிந்திவிட்டது. மண்டபம் கட்டடத்தின் ஐந்தாம் மாடியில். பட்டுவேட்டியோடு ஓடிப்போய் லிஃப்ட்டில் ஏறினேன். உள்ளே மரகதப் பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண் நின்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும். பெண் வீட்டுக்காரர் என்று ஊகித்து மரியாதைக்குச் சிரித்தேன். கதவு மூடியது. இரண்டாம் மாடியைத் தாண்டியதும் லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றது. விளக்கு இருந்தது. காற்றாடி நின்றுவிட்டது.

மேலே நாதஸ்வரம் கேட்டது. அதை வைத்தே சடங்கு எங்கே நிற்கிறது என்று எனக்குத் தெரியும். கன்னிகாதானம் முடிந்து பொம்பிளை கூறை மாற்றப் போவாள். அவள் திரும்பி வந்து உட்கார்ந்தால் அடுத்தது தாலிதான். என் கையில் இருந்த சின்னச் சிவப்புப் பெட்டி வியர்வையில் நனையத் தொடங்கியது.

லிஃப்ட்டில் அவசரத்துக்கு ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினேன். கரகரத்துக்கொண்டு கீழே காவலாளியின் குரல் வந்தது. "கவுத?" யார் என்று சிங்களத்தில் கேட்கிறார். நான் போனில் அவசரமாக எழுதி அந்த ஓட்டைக்கு முன்னால் பிடித்தேன். அம்மையார் மிக நிதானமாக, "வணக்கம். நான் மின்தூக்கியில் சிக்கிக்கொண்டுள்ளேன். தயவுசெய்து உதவவும்" என்றார்.

பிறகு காவலாளி, "அபிட்ட எபா" என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்துவிட்டார். எங்களுக்கு வேண்டாமாம். போன் கம்பெனி விளம்பரம் என்று நினைத்திருக்கிறார்.

மறுபடி அழுத்தினேன். இந்த முறை எழுத நேரமில்லாமல் பெட்டியால் சுவரில் தட்டினேன். ஏதோ பிள்ளைகள் பொத்தானோடு விளையாடுகிறார்கள் என்று நினைத்து, மேலே வந்தால் காதைத் திருகுவேன் என்று ஏசினார். (வந்து திருகியிருந்தால் அவர் காலில் விழுந்திருப்பேன்.) அதன் பிறகு அவர் பதில் சொல்லவே இல்லை.

குழுவில் எழுதினேன்: "லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டேன். தாலி என்னிடம். உடனே வாருங்கள்." உடனே ஏழெட்டு இதயங்கள் வந்தன. கனடா மச்சான் "சூப்பர்" என்று போட்டான். வசந்திக்குத் தனியாக எழுதினேன். எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எழுதி அனுப்பினால் வாசிக்க மாட்டார்கள், என்ன எழுதியிருக்கிறாய் என்று போன் எடுத்துக் கேட்பார்கள். வசந்தி எடுத்தாள்.

"என்னப்பா, எங்க நிக்கிறியள்? ஐயர் தாலியைக் கேட்கிறார். வாயைத் திறந்து சொல்லுங்கோவன்."

அழைப்பு வந்தால் அம்மையாரின் வாயும் அடைத்துவிடும், நான் போனில் மூச்சு விட்டேன். என்னால் முடிந்தது அதுதான்.

"ஐயையோ, கதைக்காதேங்கோ, டொக்டர் ஏசுவார்" என்று சொல்லி வைத்துவிட்டாள். ஒரு நிமிடத்தில் திரும்பவும் எடுத்தாள். திரும்பவும் அதே கேள்வி, அதே மூச்சு, அதே அறிவுரை. இப்படியே என் போனில் மிச்சமிருந்த சார்ஜில் பெரும்பகுதியை அவளே குடித்துவிட்டாள்.

மிஞ்சியது பச்சைச் சேலைக்காரிதான். அவள் இவ்வளவு நேரமும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கதவைப் பார்த்தபடி தன் போனில் மூழ்கியிருந்தாள். பின்னால் நின்று அம்மையாரைக் கொண்டு கேட்பித்தேன்: "உங்களுக்குச் சிங்களம் தெரியுமா? எனக்காகப் பேச முடியுமா?" திரும்பவில்லை. சத்தத்தைக் கூட்டி மறுபடி கேட்டேன். அசையவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. பொம்பிளை வீட்டாரின் திமிர் இப்போதே இப்படியென்றால் நிரோஷன் இவர்களோடு எப்படிக் காலம் தள்ளப் போகிறான் என்று அவனுக்காகவும் சேர்த்துக் கவலைப்பட்டேன். கடைசியில் சுற்றிக்கொண்டு அவளுக்கு முன்னால் போய்க் கையை ஆட்டி, போனைக் காட்டினேன். "எனக்குக் கதைக்க ஏலாது" என்று எழுதியிருந்தது. அவள் வாசித்து முடிக்கவும் என் போன் அணையவும் சரியாக இருந்தது.

அவள் முகம் மலர்ந்தது. இரண்டு கையாலும் படபடவென்று கதைக்கத் தொடங்கினாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவளுக்குக் காது கேட்காது. என்னையும் தன்னைப் போல ஓர் ஆள் என்று நினைத்துவிட்டாள்.

அந்த நேரத்தில் ஒரு மனிதன் செய்ய வேண்டியது, எனக்கு விளங்கவில்லை என்று தலையை இடம் வலமாக ஆட்டுவது. ஆனால் நான் மாஸ்டர். விளங்கவில்லை என்று யாரிடமும் ஒப்புக்கொள்ளாத சாதி. அவள் தன் காதையும் வாயையும் தொட்டு என்னவோ கேட்டாள். தலையாட்டினேன். நெஞ்சில் கையை வைத்து முகத்தைச் சுளித்து ஏதோ கேட்டாள். பயமாக இருக்கிறதா என்கிறாளாக்கும் என்று நினைத்துப் பலமாகத் தலையாட்டினேன். இடது கையைத் தோளிலிருந்து விரல்வரை தடவிக் காட்டினாள். பெட்டி பிடித்திருந்த கை அது. ஓம் ஓம், இதுதான் பிரச்சினையே என்று மூன்று தடவை தலையாட்டினேன்.

அவள் முகம் மாறியது. என்னைப் பிடித்துத் தரையில் உட்கார வைத்தாள். என் சட்டைப் பொத்தானைத் திறந்து, கலியாண அழைப்பிதழால் விசிறினாள். (அக்கா தெரிவு செய்த தடித்த அட்டை. நல்ல காற்று.) பிறகு போனில் வீடியோ அழைப்பு எடுத்தாள். திரையில் ஓர் ஆணின் முகம். அவள் ஒரு கையால் கதைத்தாள், அந்த மனிதர் அங்கே இரண்டு கையால் கதைத்தார். அரை நிமிடம்கூட இல்லை. மரியாதைக்கு அவருக்கும் ஒருமுறை தலையாட்டி வைத்தேன்.

மேலே நாதஸ்வரம் ஓய்ந்தது. பொம்பிளை கூறை மாற்றப் போய்விட்டாள்.

எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. தகப்பன் இல்லாத பிள்ளை நிரோஷன். அவனைத் தூக்கி வளர்த்தவன் நான். இந்த ஒரு வேலையைத்தான் அக்கா என்னிடம் தந்தார். கத்திவிடுவோம், குரல் போனால் போகட்டும் என்று வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது.

பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. கதவுக்கு வெளியே பல பேரின் சத்தம். லிஃப்ட் மெல்ல மெல்லக் கீழே இறங்கி இரண்டாம் மாடியில் நின்றது. கதவை நெம்பித் திறந்தார்கள். வெளியே மண்டப முகாமையாளர், காவலாளி, திரையில் பார்த்த மனிதர், அவர்களோடு வெள்ளை உடுப்பில் இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு.

நான் எழுந்து ஓடப் பார்த்தேன். அவர்கள் என்னைப் படுக்க வைத்தார்கள். இல்லை இல்லை என்று கையையும் காலையும் ஆட்டினேன். வலிப்பும் வருகிறது என்று சொல்லி இடுப்பிலும் காலிலும் இறுக்கிப் பட்டி கட்டினார்கள். மாடிப்படியால் என்னைக் கீழே கொண்டுபோகத் தொடங்கினார்கள். தாலி என்னோடு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டது.

பச்சைச் சேலைக்காரி பக்கத்தில் என் வேட்டியைச் சரிசெய்தபடி வந்தாள். நான் பெட்டியை அவள் கைக்குள் திணித்தேன். அவள் விளங்காமல் பார்த்தாள். அப்போது என் இரண்டு கைகளும் என்னைக் கேளாமலே மேலே எழுந்தன. யாருடையதோ கழுத்துக்குப் பின்னால் வைத்துக் கட்டுவதுபோல ஒரு முடிச்சுப் போட்டேன். இரண்டு. மூன்று.

அவள் பெட்டியைத் திறந்து பார்த்தாள். அடுத்த கணம் சேலையை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு மாடிப்படியில் மேலே ஓடினாள். நான் கீழே போனேன்.

மிச்சத்தை மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் பெயர் ஜெனிற்றா. கொட்டாஞ்சேனைக்காரி, பொம்பிளையோடு ஒரே அலுவலகத்தில் வேலை. திரையில் பார்த்தது கணவர் அன்ரன், அவருக்கும் காது கேட்காது. லிஃப்ட் நின்றவுடனேயே ஜெனிற்றா அவருக்கு எழுதிவிட்டாள். அவர் முகாமையாளரிடம் காட்டிவிட்டார். மெக்கானிக் வந்துகொண்டிருந்தார். அதனால்தான் அவள் பதறாமல் நின்றாள். மெக்கானிக்குக்காகக் காத்திருந்தால் மத்தியானம் ஆகியிருக்கும். உள்ளே ஒரு நெஞ்சுவலிக்காரர் இருக்கிறார், கேட்டதற்கெல்லாம் ஓம் என்கிறார் என்று அவள் சொன்ன பிறகுதான் அவர்களே இயந்திர அறையின் சாவியைத் தேடி, சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்ட்டை இறக்கினார்கள். கலியாண வீட்டைக் கலவரப்படுத்தக் கூடாதென்று முகாமையாளர் மேலே மூச்சு விடவில்லை.

ஜெனிற்றா மேடைக்கு ஓடிப்போய்ப் பெட்டியை அக்காவிடம் கொடுத்திருக்கிறாள். இவர் எங்கே என்று வசந்தி கேட்டிருக்கிறாள். ஜெனிற்றா நெஞ்சைப் பிடித்துக் காட்டி, கண்ணை மூடிக் காட்டி, கீழே கையை நீட்டியிருக்கிறாள். வசந்தி ஓவென்று அழ வாயெடுத்தாள். அக்கா அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காதுக்குள் சொன்னாராம்:

"தாலி ஏறட்டும், வசந்தி. அதுக்குப் பிறகு ரெண்டு பேரும் அழுவம்."

கலியாண வீடியோவில் கெட்டிமேளம் கொட்டும்போது இருவர் முகத்திலும் கண்ணீர் ஓடுகிறது. பார்த்தவர்கள் எல்லாம் என்ன பாசம் என்கிறார்கள். ஐயர் பிற்பாடு எங்களிடம் ஒப்புக்கொண்டார், மூன்றாம் முடிச்சு விழும்போது முகூர்த்தம் ஒரு நூலளவுதான் மிஞ்சியிருந்ததாம். அந்த நேரத்தில் நான் ஆஸ்பத்திரியில் நெஞ்சு முழுக்க வயரோடு படுத்திருந்தேன். இதயம் இருபது வயதுக்காரனுடையதைப் போல இருக்கிறது என்றார்கள். எந்தப் படத்திலும் நான் இல்லை.

குரல் திரும்பிவிட்டது. சலூன்காரருக்கு மறுபடியும் வணிகக்கல்வி நடக்கிறது. எங்கள் வீட்டில் இப்போது யாராவது எதற்காவது அழத் தொடங்கினால், பிள்ளைகள் உடனே "தாலி ஏறட்டும், பிறகு அழுவம்" என்கிறார்கள். செத்த வீட்டில்கூட ஒருமுறை சொன்னார்கள், வசந்தி எல்லோரையும் வெளியே துரத்தினாள்.

போன மாதம் நிரோஷனின் மகளுக்கு முதலாம் பிறந்தநாள். ஜெனிற்றாவும் அன்ரனும் தங்கள் நண்பர்களோடு வந்திருந்தார்கள், ஏழெட்டுப் பேர், எல்லோருமே கையால் கதைப்பவர்கள். ஜெனிற்றா நடுவில் நின்று ஒரு கதை சொன்னாள். லிஃப்ட் வந்தது, அழைப்பிதழால் விசிறியது வந்தது, ஸ்ட்ரெச்சர் வந்தது. என்னுடைய கதை என்று தெரிந்தது. நடுநடுவே அவள் நெஞ்சைப் பிடித்தபடி தலையை மேலும் கீழும் வேகமாக ஆட்டினாள், ஒவ்வொரு முறையும் அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அது என்ன சொல் என்று அன்ரனிடம் எழுதிக் கேட்டேன். அவர்கள் தங்களுக்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பெயர் வைப்பார்களாம். அது என் பெயராம். ஊர் தாண்டி வத்தளை வரைக்கும் தெரியும் என்று பெருமையோடு எழுதிக் காட்டினார்.

பிறகு ஜெனிற்றா என் பக்கம் திரும்பி, கைகளால் நீளமாக ஏதோ கேட்டாள். எல்லோரும் என் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் விளங்கவில்லை. நான் தலையாட்டினேன்.