டிவிடெண்டுக்கு நேர்ந்துவிட்ட கிடா

உங்கள் தெருவில் ஷேர் மார்க்கெட் புண்ணியத்தில் உயிர் பிழைத்த ஆடு ஏதாவது இருக்கிறதா? எங்கள் செஞ்சியில் இருக்கிறது. காரணம் பஞ்சர் அண்ணன். திண்டிவனம் ரோட்டில் டியூப் ஒட்டுகிற அவரைப் போல ஒரு முதலீட்டாளர் இந்தப் பூமியில் பிறந்ததில்லை, சத்தியமாக.

யாரோ சொன்னார்கள் என்று ஒரு முதலீட்டுக் கம்பெனியின் ஷேர் கொஞ்சம் வாங்கினார். மற்ற கம்பெனிகளின் ஷேரை வாங்கி வைத்துக்கொள்வதுதான் அந்தக் கம்பெனிக்கு முழுநேர வேலை. வாங்கிய கையோடு தெருமுனை மாரியம்மன் முன்னால் போய் நின்றார்.

"மொத டிவிடெண்ட் வந்துச்சுன்னா கெடா வெட்டி தெருவுக்கே சோறு போட்றேன் தாயி!"

தெருவே சாட்சி. அன்றே குட்டியும் வந்துவிட்டது.

நேர்ந்துவிட்ட ஆட்டை யார் அடிப்பது? கீரைக்காரம்மா கூடையை மேய்ந்தது. என் ஹால் டிக்கெட்டை மேய்ந்தது. குட்டி கிடாவானது, கிடா எங்கள் ஊர்க் கோட்டை நிற்கிற ராஜகிரி மலை சைஸுக்கு வந்தது. கம்பெனி லாபத்தில் பங்காகத் தரவேண்டிய டிவிடெண்ட் மட்டும் வரவில்லை.

"இன்னாணா உன் கம்பெனி? வருசா வருசம் லாபம்ன்றான், ஒத்த ரூபா கண்ல காட்ட மாட்றான்!" என்று கொதித்தார் பக்கத்துக் கடை கேபிள் அண்ணன். கிடாவை அவர் பார்க்கிற பார்வையிலேயே பாதி வெந்துவிடும்.

பி.காம் படித்த பாவத்துக்கு, ஆன்லைனில் நடந்த கம்பெனியின் வருடாந்திரக் கூட்டத்தை என் போனில் போட்டுக் கொடுத்தேன். பஞ்சர் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு நேராகச் சேர்மனையே பிடித்தார்.

"சார், வணக்கம். செஞ்சிலேர்ந்து பேசறேன். டிவிடெண்ட் ஏன் சார் தர மாட்றீங்க? இங்க ஒரு கெடா காத்துனு இருக்குது."

கிடா என்பதும் ஒரு பங்குதாரர் என்று நினைத்தாரோ என்னவோ, சேர்மன் பொறுமையாகவே விளக்கினார். லாபத்தைப் பிரித்துக் கொடுத்தால் வாங்குகிறவர் வரி கட்ட வேண்டும், மிச்சமும் செலவாகிவிடும். அதையே கம்பெனி வேறு நல்ல இடத்தில் போட்டால் ஷேரின் மதிப்பு வளரும். அவசரம் என்றால் ஒரு ஷேரை விற்றுக்கொள்ளலாம்.

"அப்புறம் இன்னாணா? ஒண்ண வித்துட்டு வெட்டு!" என்றார் கேபிள் அண்ணன்.

"வேண்டுதல் டிவிடெண்டுக்குடா. வித்த காசுல வெட்னா ஆத்தா ஒத்துக்குவாளா?"

அப்போதுதான் கவனித்தேன். பேசும்போதே அவர் கை கிடாவின் காதைத் தடவிக்கொண்டிருந்தது.

அடுத்த வருடம் வந்தது வினை. சில பங்குதாரர்கள் நச்சரித்ததில், டிவிடெண்ட் கொடுக்கலாமா வேண்டாமா என்று கம்பெனி ஓட்டெடுப்பு வைத்தது. கேபிள் அண்ணன் வீட்டில் மசாலாவே அரைத்துவிட்டார்கள். பஞ்சர் அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. என்னைக் கடைக்குள் இழுத்துப்போய் ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"நைனா, வேணான்னு எங்கடா அமுக்கணும்?"

"ணா, வர்ற காச வேணான்றியா?"

"காசு அங்கியே வளரட்டும்டா. இதுவும் இங்கியே வளந்துட்டுப் போவட்டும்."

அமுக்கினோம். 'வேண்டாம்' கட்சி அமோகமாக ஜெயித்தது. தன் ஒரு ஓட்டில்தான் ஜெயித்தது என்று அண்ணன் இன்னமும் நம்புகிறார். நான் மறுத்துச் சொன்னதில்லை.

இப்போது செஞ்சியில் நல்ல மழை. பஞ்சர் அண்ணன் தொப்பலாக நனைந்தபடி ஒரு லாரி டயரைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். அவருடைய ரெயின்கோட்டைக் கிடா போட்டிருக்கிறது.